திரிகடுகமும் உரோமாபுரியும்



கன்னியாகுமரித் துறையைப் பற்றிக் கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற குறிப்பு ஒன்று உண்டு. கப்பலோட்டிகளுக்கு வழிகாட்டும் 'பெரிப்புளூஸ்' என்னும் நூலில் அது காணப்படுகிறது. குமரித் துறையில் துறவு பூண்ட ஆடவர் வந்து நீராடித் தங்குவர். பெண்டிரும் அவ்வாறே செய்வர். முன்னொரு காலத்தில் தேவி ஒருத்தி அங்கே வாழ்ந்து நீராடினாள் என்று சொல்லப்படுகிறது: இதுதான் செய்தி. குமரியம்மன் கோயிலை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. கரைக்கு வந்தவர்கள் கரையை நன்கு அறிந்திருந்தார்கள். ஆனால் கரைக்குப் பின்னே நிற்கும் மலையையும், அதில் விளையும் பொருளையும் மேலைநாட்டார் எவ்வளவு அறிந்திருந்தனர்?

இதற்கு விடை காண நாம் நாட வேண்டியவர் பிளினி என்னும் உரோமப் பேரறிஞர். அவர் இயற்றிய 'இயற்கை வரலாறு' 37 தொகுதிகளைக் கொண்டது. வானும் மண்ணும், விலங்கும் மரமும், மருந்தும் மணியும், உழவும் ஓவியமும் அதில் அடங்கும். கி.பி. 77-இல் அதனைத் தீத்தஸ் என்னும் இளவரசருக்கு உரிமையாக்கினார். அவருடைய பழக்கங்களை மருமகன் ஒரு கடிதத்தில் விரித்துரைக்கிறார். நீராடி உடல் துவட்டும் நேரத்திலும் ஒருவர் அருகிருந்து நூல் படிக்க, பிளினி கேட்டுக்கொண்டிருப்பாராம். இப்படிப் படித்தும் கேட்டும் சேர்த்த அறிவே அந்நூல். அவர் நம் நாட்டிற்கு வந்தவரல்லர். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, அதனை அணுகிக் காணவும் அங்கிருந்தோரை மீட்கவும் சென்று உயிர்நீத்தார்.

சளியும் இருமலும் கண்டால் நம் வீட்டுப் பெரியோர் சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மூன்றையும் இடித்துக் கொடுப்பார்கள். திரிகடுகம் என்பது இதுவே. இம்மூன்றும் பிளினியின் பன்னிரண்டாம் தொகுதியில் அடுத்தடுத்து வருகின்றன. விலையும் உடன் வருகிறது. ஓர் உரோம இராத்தல், அதாவது ஏறத்தாழ 327 கிராம், திப்பிலிக்கு 15 தினாரியம், வெள்ளை மிளகுக்கு 7, கறுப்பு மிளகுக்கு 4, இஞ்சிக்கு 6. ஒரு தினாரியம் என்பது கூலியாள் ஒருவனின் ஒருநாள் ஊதியத்தை ஒட்டியது என்று கொண்டால், இவ்விலைகளின் கனம் விளங்கும். மிளகின் மீது பிளினிக்குச் சினமும் உண்டு. இனிப்புமில்லை, அழகுமில்லை, வெறும் காரத்திற்காக இந்தியாவிலிருந்து இதைத் தேடிக் கொணர்கின்றனரே, பொன்னைப்போலவும் வெள்ளியைப்போலவும் நிறுத்து வாங்குகின்றனரே என்று நொந்துகொள்கிறார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்தர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போகிறது என்பதும் அவர் கணக்கே. அவர் வீட்டுச் சமையலறையில் மிளகு இருந்ததா என்பதை மருமகன் எழுதவில்லை!

விலையைத் துல்லியமாகச் சொன்னவர், செடியைச் சொல்லும்போது வழுக்கி விழுகிறார். திப்பிலி, வெள்ளை மிளகு, கறுப்பு மிளகு மூன்றும் ஒரே மரத்தின் விளைவு என்கிறார். காய் வெடிக்குமுன் பறித்தால் திப்பிலியாம். வெடித்து உள்ளே தெரிவது வெள்ளை மிளகாம். அதுவே வெயிலில் வாடினால் கறுப்பு மிளகாம்.

மாறாமலைப் பக்கமோ கீரிப்பாறைப் பக்கமோ சென்றிருக்கும் மாணவர்கள் இதைக் கேட்டால் நகைப்பார்கள். மிளகு மரமன்று, மரத்தைப் பற்றி ஏறும் கொடி. அதன் பூ மழைக்காலத்தில் சரஞ்சரமாகத் தொங்கும். காய் முற்றிச் சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவக்கத் தொடங்கியதும் பறித்து, உதிர்த்து, வெயிலில் காயவைப்பார்கள். பச்சைத்தோல் சுருங்கிக் கறுத்துவிடும்; அதுவே கறுப்பு மிளகு. நன்கு பழுத்த மணிகளைப் பல நாள் நீரில் ஊறவைத்துத் தோலைத் தேய்த்துக் களைந்தால் வெள்ளை மிளகு. ஆக, வெள்ளையும் கறுப்பும் ஒரே கொடியின் காய்கள் என்ற அளவில் பிளினி சொன்னது சரியே. திப்பிலியோ வேறு கொடி. மிளகுக்கு அது உறவுமுறைதான். ஆயினும் ஒருநாளும் மிளகாகாது.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது? திப்பிலியின் வடமொழிப் பெயர் பிப்பலி. அச்சொல்லே கிரேக்கத்தில் 'பெப்பெரி' என்றும், இலத்தீனில் 'பிப்பெர்' என்றும் திரிந்து, மிளகுக்கும் பொதுப்பெயராயிற்று. தமிழில் மிளகு வேறு, திப்பிலி வேறு. அங்கோ நீண்ட பிப்பெர், வெள்ளைப் பிப்பெர், கறுப்புப் பிப்பெர் என மூன்றுக்கும் ஒரே பெயர். பெயர் ஒன்றாயிருக்கவே மரமும் ஒன்றென எண்ணிவிட்டனர். பெயர் வேறாக இருந்த இடத்தில் பிளினி தவறவில்லை. இஞ்சி மிளகு மரத்தின் வேர் என்று சிலர் கருதினர். அன்று, சுவை ஒத்திருப்பினும் அது வேறு என்று அவரே மறுத்துரைக்கிறார். ஆனால் இஞ்சி விளையும் நாடு அரபு நாடு என்று அடுத்த வரியில் எழுதிவிட்டார். அரபு வணிகர் கையிலிருந்து வந்த சரக்கல்லவா!

திப்பிலியைப் பற்றிய இப்பிழை நெடுங்காலம் நிலைத்தது. கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா தா ஓர்த்தா, 1563-இல் அங்கேயே அச்சிட்ட தம் நூலில் மிளகும் திப்பிலியும் வெவ்வேறு செடிகள் என எழுதினார். அவர் செடி வளரும் நாட்டிலேயே இருந்தவர்.

கடைத்தெருவைப் பற்றிய செய்தியில் மட்டும் பிளினியை எவரும் விஞ்ச முடியாது. மிளகில் கலப்படம் செய்வோர் சூரைச்செடி இனத்தின் பழங்களைச் சேர்க்கிறார்கள். அவை மிளகோடு கிடந்து அதன் காரத்தை வியக்கத்தக்கவாறு ஏற்றுக்கொள்கின்றன என்கிறார். திப்பிலியில் அலெக்சாந்திரியக் கடுகைக் கலப்பதையும் சொல்கிறார். நம் கடைகளில் மிளகோடு பப்பாளி விதையைக் கலப்பவர்கள் பிளினியைப் படித்தவர்கள் அல்லர். ஒரு கைப்பிடி மிளகை நீரில் இட்டுப் பாருங்கள்: நல்ல மிளகு பெரும்பாலும் அடியில் தங்கும்; காய்ந்த பப்பாளி விதை மேலே மிதக்கும்.