மெல்ல ஓடினால் தூரம் ஓடலாம்

(புனே நகரம், கட்கியில் ஒரு மாலை வகுப்பில் தொண்டர் ஒருவர் பேசிய பேச்சு)

 

இன்று பாடம் இல்லை. நோட்டை மூடி வையுங்கள். கொஞ்ச நேரம் பேசுவோம்.

போன வாரம் பின் வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டார். "ஏம்மா, தினமும் விடியற்காலையில் ஓடுகிறாயே, எந்த பஸ்ஸைப் பிடிக்க?" எல்லோரும் சிரித்தோம். அன்று பதில் சொல்ல நேரம் இல்லை. இன்று சொல்கிறேன்.

நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மாரத்தான் ஓடப் போகிறேன். அதற்குத்தான் பழகுகிறேன்.

மாரத்தான் என்றால் என்ன?

மாரத்தான் என்பது ஓர் ஊரின் பெயர். கிரேக்க நாட்டில் இருக்கிறது. அந்த ஊரின் போர்க்களத்திலிருந்து ஒரு வீரன் தலைநகரம் வரை ஓடினானாம். "வென்றுவிட்டோம்" என்று சொல்லிவிட்டு உயிரை விட்டானாம். இது பழங்கதை. அந்தக் கதையை வைத்து 1896-ல் ஒலிம்பிக் போட்டியில் ஓர் ஓட்டத்தைச் சேர்த்தார்கள். அதில் முதலாவதாக வந்தவர் யார் தெரியுமா? ஸ்பிரிடன் லூயிஸ். பணக்காரர் அல்ல. தண்ணீர் சுமந்து விற்றவர்.

இப்போது மாரத்தான் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். எவ்வளவு தூரம் என்று புரிகிறதா? புனே ஸ்டேஷனில் லோனாவாலா லோக்கலில் ஏறுகிறோம். கட்கி, பிம்ப்ரி, தேகு ரோடு எல்லாம் போகிறது. தளேகாவும் போகிறது. அதையும் தாண்டிப் போக வேண்டும். ரயிலில் அல்ல, காலால்!

ஆண்கள் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடத் தொடங்கியது 1896-ல். பெண்களுக்கு இடம் கிடைத்தது 1984-ல். நடுவில் 88 ஆண்டுகள். ஏன்? அவ்வளவு தூரத்தைப் பெண்ணின் உடம்பு தாங்காது என்றார்கள். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தபோது நம் உடம்பு தாங்கியது. அப்போது யாரும் தடுக்கவில்லை. ஓடப் போனால் மட்டும் தாங்காதாம்!

நம் புனேயின் கதை

மாரத்தான் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம் ஊருக்கும் அதற்கும் நூறு ஆண்டு உறவு உண்டு.

1919-ம் ஆண்டு. டெக்கான் ஜிம்கானா மைதானம் நமக்குத் தெரியுமே, அந்தச் சங்கம் விளையாட்டுப் போட்டி நடத்தியது. தலைமை தாங்கியவர் தோராப்ஜி டாட்டா. அன்று ஒரு நீண்ட தூர ஓட்டம் நடந்தது. ஓடியவர்கள் விவசாயிகள். சாலை குண்டும் குழியுமாக இருந்தது. காலில் செருப்புகூட இல்லை. சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லை. இருந்தும் சிலர் வெளிநாட்டு வீரர்களுக்குச் சமமாக ஓடினார்கள். டாட்டா வியந்து போனார். "இவர்களை ஒலிம்பிக்குக்கு அனுப்ப வேண்டும்" என்று முடிவு செய்தார்.

1920-ல் பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் நகரத்துக்கு ஒரு சிறு குழு போனது. அதில் ஒருவர் பி.டி. சவுகுலே. பெல்காம் ஊர்க்காரர். மாரத்தானில் ஓடினார். அன்று வைத்த தூரம் 42 கிலோமீட்டர் 750 மீட்டர். இன்றைய தூரத்தை விட அதிகம். சவுகுலே 2 மணி 50 நிமிடத்தில் ஓடி முடித்தார். உலக வீரர்கள் நடுவே 19-வது இடம்!

பிறகு 1983-ல் நம் நகரத்தில் புனே சர்வதேச மாரத்தான் தொடங்கியது. ராணுவ வீரர்கள், மாணவர்கள், வீட்டுப் பெண்கள் என்று பலரும் அதில் ஓடியிருக்கிறார்கள்.

பக்கத்து சாத்தாரா மாவட்டத்தில் மாண் தாலுகா இருக்கிறது. மழை குறைந்த வறண்ட பூமி. அங்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் லலிதா பாபர். மும்பை மாரத்தானில் இந்தியப் பெண்களில் முதலாவதாக வந்தார். ஒரு முறை அல்ல, 2012, 2013, 2014 என்று மூன்று முறை! 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் தடை தாண்டும் நீண்ட ஓட்டத்தில் இறுதிச் சுற்று வரை போனார். பத்தாவதாக வந்தார்.

இவர்களைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்கும் ஆசை வந்தது.

நான் செய்த தவறு

இப்போது என் கதை. இதில் பெருமை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

போன ஆண்டு ஜூலை மாதம் ஓடத் தொடங்கினேன். டிசம்பர் போட்டிதான் குறி. காலில் பழைய கான்வாஸ் ஷூ. முதல் வாரம் ஒரே மூச்சில் 5 கிலோமீட்டர். அடுத்த வாரம் 8. மூன்றாம் வாரம் 12. நல்ல மூச்சு இருந்தது. "நான் பெரிய ஆள்" என்ற நினைப்பும் இருந்தது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கல்யாணம் ஆக வேண்டிய பெண் ரோட்டில் ஓடலாமா?" என்றார். தெருமுனையில் சில பையன்கள் விசில் அடிப்பார்கள். "போலீஸ் வருது, ஓடு ஓடு!" என்று கத்துவார்கள். அழுகை வரும்.

அப்போது சாவித்திரிபாய் பூலேயை நினைத்துக்கொள்வேன். 1848-ல் இதே புனேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியவர். அவர் பள்ளிக்கு நடந்து போகும்போது சாணியும் சேறும் வீசினார்களாம். அவர் பையில் ஒரு மாற்றுச் சேலை வைத்துக்கொண்டு நடந்தாராம். என் மேல் யாரும் சேறு வீசவில்லை. வெறும் விசில்தானே! ஓடினேன்.

ஆறாம் வாரம் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வந்தது. தைலம் தடவினேன். வலியோடு ஓடினேன். ஒரு நாள் காலை எழுந்தால் காலை ஊன்ற முடியவில்லை.

டாக்டரம்மா பார்த்தார். "எத்தனை நாளில் இவ்வளவு தூரம் கூட்டினாய்?" என்று கேட்டார். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் சொன்னது இதுதான். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். சில வாரங்கள் போதும். எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் பலம் பெறும். மாதக்கணக்கில் ஆகும். மூச்சு "போ போ" என்று சொல்லும். எலும்பு "பொறு பொறு" என்று சொல்லும். நாம் இரண்டு பேச்சையும் கேட்க வேண்டும்.

ரத்தமும் சோதித்தார். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். எனக்கு 9 தான் இருந்தது. ரத்தச்சோகை! இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். "மாத்திரையை டீயோடு சாப்பிடாதே. டீ அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. எலுமிச்சைச் சாறு குடித்தால் நன்றாகச் சேரும்" என்றார். அக்காமார்களே, அடிக்கடி மயக்கமும் களைப்பும் வந்தால் நீங்களும் ஒரு தடவை ரத்தம் சோதித்துப் பாருங்கள்.

ஓட்டம் நின்றது. டிசம்பர் வந்தது. நான் சாலை ஓரத்தில் நின்று மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்தேன். வெயில் ஏறிய பிறகு ஒரு பெரியவர் தனியாக வந்தார். தலை முழுதும் நரை. நொண்டி நொண்டி ஓடினார். நின்றார். மறுபடி ஓடினார். கடைசி ஆட்களில் அவரும் ஒருவர். எனக்குக் கண் கலங்கியது.

வெட்கத்தில் வகுப்பிலும் யாரிடமும் சொல்லவில்லை. "கால் வலி" என்று மட்டும் சொன்னேன்.

பூட்டிய வீடு

ஜனவரியில் ஒரு நாள். நான்கு மாதம் வராமல் இருந்த ஒரு அக்கா வகுப்புக்கு வந்தார். காய்கறி விற்பவர். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று நின்றுபோனவர். அன்று புத்தகத்தைத் திறந்தார். பழைய பாடம்தான். எழுத்துகள் பாதி மறந்துவிட்டன. திணறினார்.

"எல்லாம் போச்சா அக்கா?" என்று கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"நாலு மாசம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் தூசி இருக்கும் அம்மா. வீடு எங்கே போகும்? கூட்டிப் பெருக்கினால் போதும்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் எழுத்தைப் பற்றிச் சொன்னார். எனக்கு என் காலைப் பற்றிச் சொன்னதுபோல் இருந்தது.

மறுபடியும் தொடக்கம்

இந்த ஆண்டு மார்ச்சில் மறுபடி தொடங்கினேன். டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டுத் தொடங்கினேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அவ்வளவுதான். சிறு பிள்ளைகள்கூட என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

பல்கலைக்கழகப் பக்கத்துச் சாலையில் ஒரு தாத்தா தினமும் நடப்பார். மராத்திக்காரர். என்னைக் கண்டால் கையைக் காட்டி, "ஹளூ ஹளூ" என்பார். மெல்ல, மெல்ல என்று அர்த்தம். அதுவே எனக்கு மந்திரம் ஆனது.

நான் கடைப்பிடித்த வழிகளைக் கேளுங்கள்.

ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள்.

ஒரு வாரம் 10 கிலோமீட்டர் ஓடினால் அடுத்த வாரம் 11. பத்தில் ஒரு பங்குதான் கூட்டலாம். மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் குறைக்க வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம். இரண்டு நாளாவது ஓய்வு. ஓய்வு சோம்பல் அல்ல. அந்த நாளில்தான் உடம்பு பலம் பெறுகிறது.

ஷூவுக்குச் சீட்டுப் பணம் எடுத்தேன்.

இப்படிச் செய்தும் எல்லாம் நேராகப் போகவில்லை. ஜூலையில் விடாத மழை. சேற்றில் வழுக்கி விழுந்து முட்டி தேய்ந்தது. செப்டம்பரில் காய்ச்சல். இரண்டு வாரம் படுக்கை. பழைய நானாக இருந்தால் விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு மடங்கு ஓடியிருப்பேன். இந்தத் தடவை அப்படிச் செய்யவில்லை. விட்டது விட்டதுதான். குறைந்த தூரத்திலிருந்து மறுபடி ஏறினேன்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 32 கிலோமீட்டர் ஓடினேன். 27 வரை நன்றாக இருந்தது. பிறகு கால் கல்லாகிவிட்டது. கண் இருட்டியது. நடு ரோட்டில் உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றியது.

இது ஏன் வருகிறது? நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாக மாறுகிறது. அது தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடினால் அந்தச் சேமிப்பு தீர்ந்துபோகும். அதனால் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை சிக்கி ஏதாவது போதும். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்கவும் கூடாது. ரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்து வரும்.

அன்று நான் தள்ளாடி வரும்போது தெருமுனையில் ஒருவர் நின்றார். கையில் சொம்பு. எலுமிச்சைத் தண்ணீர். யார்? என் அம்மா! ஒன்றும் பேசவில்லை. சொம்பை நீட்டினார். விசில் அடித்த பையன்களில் ஒருவன் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்து அம்மா, "முப்பத்திரண்டு கிலோமீட்டர்! நீ ஓடுவியா?" என்று கேட்டார்.

அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

முடிக்கும் முன்

கடைசி மூன்று வாரமாகத் தூரத்தைக் குறைத்துவிட்டேன். போட்டிக்கு முன்னால் உடம்புக்கு ஓய்வு வேண்டும். இப்போது பயம்தான் அதிகமாக இருக்கிறது. 32 வரை தெரியும். அதற்கு மேல் 10 கிலோமீட்டர் இருக்கிறது. அந்தப் பத்தை நான் பார்த்ததே இல்லை.

நான் முடிப்பேனா? தெரியாது. கால் வலி மறுபடி வரலாம். வந்தால் நின்றுவிடுவேன். உயிரை விட்டு ஓட வேண்டியதில்லை. அது பழங்கதையில் போதும். நின்றால் இந்தத் தடவை வெட்கப்பட மாட்டேன். பூட்டிய வீட்டைத் திறக்கத் தெரியும்.

நீங்கள் எல்லோரும் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லோரிடமும் பாதியில் நின்ற ஒன்று இருக்கும். தையல் பழகியிருப்பீர்கள். சைக்கிள் பழகியிருப்பீர்கள். புத்தகம் படித்திருப்பீர்கள். ஏதோ கஷ்டத்தில் நின்றுபோயிருக்கும். "இனி எங்கே?" என்று விட்டிருப்பீர்கள். நின்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். அதற்கும் கொஞ்சம் கீழே இருந்து தொடங்குங்கள். மெல்லத் தொடங்குங்கள். ஹளூ ஹளூ!

முடித்தாலும் முடிக்காவிட்டாலும் திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு நான் இங்கே இருப்பேன். நொண்டிக்கொண்டாவது வருவேன். நீங்களும் வர வேண்டும்.