கதவுக்காகக் கலங்கிய ஊர்



போன கோடையில் ஒரு சனிக்கிழமை இல்ஃபோர்டிலிருந்து ரயிலேறி, எசெக்ஸ் கடற்கரையிலுள்ள ஃபிரின்டன்-ஒன்-சீ என்ற ஊருக்குப் போய்வந்தேன். பெரிய வீடுகள், அகன்ற புல்வெளி, வரிசையாகக் கடற்கரைக் குடில்கள். வசதியானவர்களின் ஊர். 2000ஆம் ஆண்டுவரை அங்கே ஒரு பப்கூட இருக்கவில்லை.

முன்பு ரயில் கடவையின் மரக்கதவைத் தாண்டித்தான் பெரும்பாலும் ஊருக்குள் போவார்கள். ‘கதவுக்கு உள்ளே’ வீடு என்றால் அது ஒரு பெருமை. 2009 ஏப்ரலில் அந்தக் கதவுகளைக் கழற்றித் தானியங்கித் தடைகள் போட்டபோது ஊரவர்கள் கொதித்துப்போனார்கள். அதே மாதம் நாங்கள் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றோம். ‘ஒரு கதவுக்கா இவ்வளவு?’ என்று அன்று கேட்டிருப்பேன்.

இன்று கேட்க மனம் வரவில்லை. கடவைக் காவலாளியின் சின்ன வீட்டை அவர்கள் இன்னும் பேணி வைத்திருக்கிறார்கள்.

என் ஊர் மயிலிட்டி. 1990இல் வெளியேறினோம். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. துறைமுகம் 2017இல்தான் விடுபட்டது. போய்ப் பார்த்த பலருக்குத் தங்கள் வளவே அடையாளம் தெரியவில்லை.

நான் கணக்காளன். ஏட்டில் பதியாதது கணக்கில் வராது. எந்த ஒழுங்கையில் யார் வீடு, எங்கே கிணறு, எங்கே வள்ளம் கட்டினார்கள்? தெரிந்தவர்களுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இந்த வார இறுதியில் ஒரு கொப்பியோடு அம்மம்மாவின் பக்கத்தில் இருங்கள். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும்.