முகச்சவரமும் கிணற்று நீரும்



கிளிநொச்சிச் சந்தையிலோ வவுனியா நகரத்துக் கடையொன்றிலோ முகம் வழிப்பதற்கு ஏதேனும் தரும்படி கேட்கும் ஒருவர்முன், சிலமுறை வழித்துவிட்டு எறியும் பிளாஸ்ரிக் றேசர் தொடக்கம், ஐந்து அலகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய விலையுயர்ந்த உபகரணம் ஈறாகப் பல வகை பரப்பப்படும்போது, அலகுகள் மிகுந்தால் சவரமும் அவ்வளவுக்குச் சுத்தமாகும் என்று அவர் எண்ணிக்கொள்வது இயல்பே. என் அபிப்பிராயம் வேறு. நல்ல சவரத்தின் பெரும்பகுதி, றேசரைக் கையிலெடுக்கு முன்னரே முடிந்துவிடுகின்றது; வன்னிப் பெருநிலப்பரப்பில் அது முதலாவதாகத் தண்ணீரைப் பொறுத்த விஷயம்.

நம்முடைய கிணறுகளும் குழாய்க்கிணறுகளும் பல இடங்களிலே கல்சியமும் மக்னீசியமும் மிகுந்த வன்னீரையே தருகின்றன என்பதற்கு, கேத்திலின் அடியில் படியும் வெண்பொருக்கே போதிய சாட்சி. அத்தகைய நீரிலே சவர்க்காரத்தைக் கரைத்தால், நுரையாக எழ வேண்டியது திரைந்த அழுக்குப் போலப் பிரிந்து தோலில் ஒட்டிக்கொள்கின்றது. அந்த அழுக்கின்மீது அலகை இழுத்து எரிச்சலுண்டாக்கிக்கொண்டவர், குற்றத்தை அலகின்மேற் சுமத்தி, மறுவாரம் அதைவிட விலை கூடிய ஒன்றை வாங்கி வருகின்றார். மாரிகாலத்தில் தேக்கி வைத்த மழைநீர் இதற்கு மிகவும் உத்தமம். குளத்து நீர் கிடைப்பவர்களுக்கு அதுவும் பெரும்பாலும் கிணற்று நீரினும் மேல். இரண்டும் இல்லாதவர்கள் கொதிக்க வைத்துத் தெளியவிட்ட நீரை ஒரு கோப்பையளவு எடுத்துக்கொண்டாற்கூட வித்தியாசத்தை உணர்வார்கள்.

சவர்க்காரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆனையிறவு உப்பைக்கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை கோஸ்ரிக் சோடா உற்பத்தி செய்த காலமொன்று உண்டென்பதை நேயர்களிற் பலர் அறிவீர்கள். சவர்க்காரத்தைக் கட்டியாக இறுக வைப்பது அந்தச் சோடாவே. முகத்தில் நெடுநேரம் ஈரங் காத்து நிற்கும் மிருதுவான நுரைக்கோ, பொற்றாசியக் காரத்தாற் செய்த சவர்க்காரம் வேண்டும். சவரத்துக்கென்று விற்கப்படும் கிறீம்களில் உள்ளது அதுதான். ஆகையால், உடுப்புத் தோய்க்கும் கட்டியை அவசரத்தில் முகத்தில் தேய்த்துக்கொள்ளும் வழக்கத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

தாடி மயிர் உலர்ந்திருக்கையில் மிகக் கடினமானது. வெந்நீரில் இரண்டு மூன்று நிமிஷம் ஊறியபின் அதை அறுப்பதற்கு வேண்டிய விசை வெகுவாகக் குறைகின்றது. ஊறாத உளுந்தை அரைக்கப் புகுவாரில்லை. ஊறாத தாடியை வழிப்பவர்களோ அநேகர். அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தார் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடத்தில் ஞாபகத்துக்கு வருகின்றது. உருக்கைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையான மயிர், உருக்கு அலகின் கூரை எவ்வாறு கெடுக்கின்றது என்ற விசித்திரமான கேள்விக்கு, கூர் தேய்ந்து மழுங்குவதைக் காட்டிலும், மயிர் வளைந்து சாயும்போது அலகின் நலிந்த இடங்களிற் சின்னஞ்சிறு துணுக்குகள் உடைந்து போவதே பிரதான காரணம் என்று அவர்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையால் நேரிற் கண்டார்கள்.

இனி, உபகரணத்துக்கு வருவோம். தோல்வாரிலே தீட்டித் தீட்டிப் பாவித்த நீண்ட சவரக்கத்திக்குப் பதிலாக, தீட்டவே வேண்டாத மெல்லிய தகட்டலகை உலகுக்குக் கொடுத்தவர் கிங் காம்ப் ஜில்லெற் என்னும் அமெரிக்கர். பாவித்தபின் எறிந்துவிடத்தக்க பொருளொன்றைக் கண்டுபிடிக்கும்படி போத்தல் மூடி உற்பத்தியாளர் ஒருவர் கூறிய யோசனையே அவருக்கு வித்தாயிற்று. அத்தனை மெல்லிய உருக்குத் தகட்டைப் பதப்படுத்திக் கூராக்கும் சூக்குமத்தைச் சாதித்தவர் வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியியலாளர். 1903 இல் விற்பனையான றேசர்கள் வெறும் 51. அடுத்த ஆண்டிலே அத்தொகை 90,000 ஐத் தாண்டிற்று. இரட்டை அலகுள்ள றேசரை ஜில்லெற் தொடங்கிய ஸ்தாபனமே 1971 இற் கொண்டுவந்தது. மூன்றும் ஐந்தும் பின்னர் வந்தவை.

பல அலகுகளுள்ள றேசரில் முன்னே செல்லும் அலகு மயிரைச் சற்று வெளியே இழுக்க, அது உள்ளே திரும்புமுன் பின்வரும் அலகு அறுத்துவிடுகின்றபடியால், அறுந்த நுனி தோலின் மட்டத்துக்குக் கீழே ஒடுங்குகின்றது. கன்னம் வழவழவென்றிருப்பது மெய். ஆனால் சுருண்ட மயிருள்ளவர்களுக்கு அந்த நுனி வெளிவரும் வழி தவறித் தோலுக்குள்ளேயே வளர்ந்து, கழுத்தெங்கும் பருக்களாகப் புடைக்கின்றது. வெயிலிலே வயலில் நின்று வியர்க்கும் ஒருவருக்கு அது சாமானியமான உபத்திரவமன்று. ஆதலால், சுத்தமும் சௌகரியமும் ஒன்றோடொன்று முரணும்போது நான் சௌகரியத்தின் பக்கமே நிற்பேன். இருபுறமும் கூருள்ள ஒற்றைப் பிளேட்டைப் பூட்டும் பழைய உலோக றேசரே நம்மவர்களுட் பெரும்பாலோருக்குப் போதும் என்பது என் தீர்ப்பு. பிளேட்டின் விலையும் சொற்பம்.

அதைக் கையாளுவதில் இரகசியம் ஏதுமில்லை. முகத்தோடு ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் பிடித்து, அழுத்தாமல், றேசரின் பாரமே வேலை செய்யும்படி சிறுசிறு இழுப்புகளாக, மயிர் வளரும் திசையிலேயே வழித்து வரவேண்டும். கழுத்தில் அத்திசை ஆளுக்காள் மாறுமாகையால், முன்கூட்டியே விரலால் தடவி அறிந்துகொள்ளுங்கள். இன்னும் சுத்தம் வேண்டுமென்பார் மறுபடி நுரை பூசிக் குறுக்காக ஒருமுறை வழிக்கலாம். எதிர்த்து வழிப்பது வேண்டாம். குளிர்ந்த நீரால் கழுவிப் படிகாரத்தை ஈரத்தோடு தடவினால் சிறு கீறல்களின் இரத்தம் நிற்கும். பிளேட்டைத் துவாயால் துடைத்தால் கூரும் போகும், சிலவேளை விரலும் போகும். உதறிக் காயவிடுவதே நன்று. பழைய பிளேட்டைக் கூரைக் கிடுகிற் செருகி வைப்பது குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. மூடியில் துளையிட்ட தகரப்பேணி ஒன்று போதும்.

மின்சார றேசரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. யுத்த காலத்தில் மின்சாரமே எட்டாதிருந்து, பற்றரிகூடக் கிடைத்தற்கரியதாயிருந்த இப்பகுதியில் அது பழக்கத்துக்கு வந்தது அண்மையிலேதான்; அது தோலை ஒட்ட வழிக்காது என்ற குறையே, பருக்களால் அவதியுறுவோருக்கு அநுகூலமாகின்றது.

சலூனுக்குச் செல்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். செங்கண்மாரிக்குக் காரணமான சில வைரசுக்களும் எச்.ஐ.வி.யும் ஒருவரின் இரத்தம் பட்ட அலகினால் மற்றவருக்குத் தொற்றக்கூடியவை. பிளேட்டைப் பாதியாக முறித்துப் பிடியில் மாட்டுமுன், அது புதியதுதானா என்று கேளுங்கள். உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். தொழிலைச் சிரத்தையோடு செய்பவர் எவரும் அதைக் குறையாக நினைக்கமாட்டார்.