சொல்லும் கல்லும் சேர்த்தவர்

பி. ஓ. போடிங் என்ற நார்வே நாட்டுப் பாதிரியார் 1865இல் பிறந்தவர். இளவயதிலேயே இன்றைய ஜார்க்கண்டின் தும்கா பக்கம் வந்து, 40 ஆண்டுகளுக்கும் மேல் சந்தால் பழங்குடி மக்களோடு வாழ்ந்தார். அவர்கள் மொழியான சந்தாலிக்கு அவர் தொகுத்த அகராதி 1930களில் ஆஸ்லோவில் ஐந்து தொகுதிகளாக அச்சேறியது. அவருக்கு முன்பே அங்கு போன ஸ்க்ரெஃப்ஸ்ரூட் என்ற பாதிரியார் சேர்த்த சொற்களும், ஊர்க்காரர்களின் உழைப்பும் அதில் உண்டு. அகராதியைப் பற்றி இன்னும் எவ்வளவோ சொல்லலாம். ஆனால் என் மனசு அவர் சேர்த்த கற்களிடம்தான் போகிறது.

புதிய கற்கால மனிதன் தீட்டிய கோடரிகள் அந்த மண்ணில் நிறையக் கிடைத்தன. இடியோடு வானத்திலிருந்து விழுந்தவை என்று சந்தால் மக்கள் நம்பினார்கள். போடிங் கல்லையும் ஆராய்ந்தார், நம்பிக்கையையும் எழுதி வைத்தார். 1901இலும் 1904இலும் வங்காள ஆசியக் கழக இதழில் அவர் கட்டுரைகள் வந்தன.

காவேரிப்பாக்கத்தில் நான் சரித்திர வாத்தியார். ஒருமுறை வகுப்பில் கற்கோடரிப் படம் காட்டினேன். அப்பாவுக்கு ராணிப்பேட்டை டேனரியில் வேலை, சொந்த ஊர் தும்கா; அப்படி ஒரு பையன் எழுந்து, “சார், இது இடி விழுந்த எடத்துல கெடைக்கும்னு எங்க பாட்டி சொல்வாங்க” என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு மெய் சிலிர்த்தது. போடிங் காதில் விழுந்த அதே பேச்சு!

நமக்கும் இது அந்நியமில்லை, நேயர்களே. திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் 1960களில் தொல்லியல் துறை தோண்டியபோது இப்படிப்பட்ட கோடரிகள் வந்தன. ஜவ்வாது மலைக் கோயில்களில் இவற்றைச் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். ஒரு பக்கம் சொரசொரப்பு, வாய்ப்பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அதைத் தேய்த்தவன் எத்தனை நாள் உட்கார்ந்தானோ!

போடிங் கண்ட கற்களில் சில, காம்பு பூட்டத் தோள் வெட்டியவை. அந்த வகை தென்கிழக்கு ஆசியாவில் ஏராளம். சந்தாலியின் உறவு மொழியான, கம்போடியாவின் கெமரும் அந்தத் திசையில்தான். அதற்காகக் கல்லையும் மொழியையும் அவசரமாக முடிச்சுப் போடக் கூடாது என்பது என் கருத்து.

நேரம் ஆகிவிட்டது. ஏர் ஓட்டும்போது வழவழப்பான கல் தென்பட்டால், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு வேலூர் அரசு அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் சந்தாலி பேசும் குடும்பம் இருந்தால், அவர்கள் பாட்டி கதையையும் கேட்டு எழுதி வையுங்கள்.