அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவியும் அதனை நம் மாணவர்க்குக் கற்பிக்கும் முறையும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

நம் சமுதாயத்தின் வெள்ளி விழா மேடையில் அமெரிக்க ஆட்சி முறையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அந்நாட்டில் சந்தையில் விற்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள், தம்மை ஆண்ட சட்டத்தைத் தாமே கற்று, அக்கல்வியைக் கருவியாகக் கொண்டு வாக்குரிமை பெற்றார்கள். கல்விக் கழகம் ஒன்றில் அமர்ந்திருக்கும் நாம் அறிய வேண்டிய வரலாறு அது. மேலும், அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கு நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் வரைவுச் சட்டத்தை முன்மொழிந்தபோது, அமெரிக்க முறையையும் பாராளுமன்ற முறையையும் அவர் ஒப்பிட்டு விளக்கினார். அமெரிக்க முறையில் ஆட்சிக்கு நிலைத்தன்மை மிகுதி. பாராளுமன்ற முறையில் ஆட்சியாளர் நாள்தோறும் அவைக்குப் பதில் கூறக் கடமைப்பட்டிருத்தலால் பொறுப்பு மிகுதி. நமக்குப் பொறுப்பு மிகுந்த முறையே ஏற்றது என்பது அவர் காட்டிய காரணம். மறுக்கப்பட்ட அம்முறை யாது என அறியாமல், ஏற்கப்பட்ட நம் முறையின் அருமையை மாணவன் எங்ஙனம் உணர்வான்?

வகுப்பறையில் முதலில் நீக்க வேண்டுவது ஒரு சொல் மயக்கம். நம் நாட்டிலும் குடியரசுத் தலைவர் உண்டு, அமெரிக்காவிலும் உண்டு. சொல் ஒன்று, பதவிகள் வேறு. நம் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். அமெரிக்கக் குடியரசுத் தலைவரோ நாட்டின் தலைவரும் அவரே, ஆட்சியின் தலைவரும் அவரே. படைகளுக்கும் அவரே தலைமைத் தளபதி. பதவிக் காலம் நான்கு ஆண்டுகள். பிராங்க்ளின் ரூசுவெல்ட் நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னர், 1951இல் நிறைவேறிய 22ஆவது திருத்தத்தின்படி, எவரும் இரண்டு முறைக்கு மேல் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்படலாகாது.

இதனைக் கேட்ட மாணவன் உடனே வினவுவது, "அப்படியானால் அவர் நினைத்ததை எல்லாம் செய்துவிடலாமா, ஐயா?" என்பதே. இவ்வினாவுக்கு விடை காண்பதே பாடத்தின் உயிர்நாடி. 1787இல் பிலடெல்பியா நகரில் வகுக்கப்பெற்ற அரசியல் சட்டம் அதிகாரத்தை மூன்றாகப் பகுத்தது. சட்டம் இயற்றுவது காங்கிரசு. அதனை நிறைவேற்றுவது குடியரசுத் தலைவர். பொருள் கூறித் தீர்ப்பளிப்பது நீதிமன்றம். காங்கிரசுக்கு இரு அவைகள். பிரதிநிதிகள் சபையில் 435 உறுப்பினர்; செனட் சபையில் மாநிலத்துக்கு இருவராக 100 உறுப்பினர். காங்கிரசு நிறைவேற்றிய மசோதாவைக் குடியரசுத் தலைவர் ஒப்பாது திருப்பி அனுப்பலாம். ஆனால் இரு அவைகளும் மூன்றில் இரு பங்கு வாக்குகளால் மீண்டும் நிறைவேற்றினால், அவர் ஒப்புதல் இன்றியே அது சட்டமாகும். 435க்கு மூன்றில் இரு பங்கு 290, 100க்கு 67. இக்கணக்கைக் கரும்பலகையில் மாணவரைக் கொண்டே போடச் செய்தல் வேண்டும்.

கணக்குப் போட்ட கையோடு 1866ஆம் ஆண்டுக்குச் செல்வோம். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்து, ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்ட மறு ஆண்டு அது. பதவிக்கு வந்திருந்தவர் ஆண்ட்ரூ சான்சன். விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் குடிமக்களாக ஏற்று, ஒப்பந்தம் செய்யவும், சொத்து வாங்கவும், வழக்காடவும் உரிமையளிக்கும் மசோதாவைக் காங்கிரசு நிறைவேற்றியது. சான்சன் அதனை மறுத்து அனுப்பினார். செனட் சபை மீண்டும் வாக்கெடுத்தது. ஆதரவாக 33, எதிராக 15. வாக்களித்த 48 பேரில் மூன்றில் இரு பங்கு 32. ஒரே ஒரு வாக்கே மிகுதி! பிரதிநிதிகள் சபையும் 122க்கு 41 என்ற கணக்கில் நிறைவேற்றவே, அது சட்டமாயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1868இல், அதே சான்சன்மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டு வந்தது. செனட் சபையில் 35 பேர் குற்றவாளி என்றனர். 19 பேர் இல்லை என்றனர். தேவைப்பட்டது 36. ஒரு வாக்குக் குறைந்ததால் அவர் பதவி தப்பியது. ஒரு வாக்கின் மதிப்பு யாது என்பதை உணர்த்த இவற்றினும் சிறந்த பாடம் நாம் அறிந்த வரையில் வேறில்லை.

நிற்க. குடியரசுத் தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் தன் இரு அவை உறுப்பினர் தொகைக்கு ஈடான தேர்வாளர்களை அனுப்பும். தலைநகர்ப் பகுதிக்கு மூவர். ஆக மொத்தம் 538, வெற்றிக்கு 270. நாடு முழுவதும் குறைந்த வாக்குப் பெற்றவரே 2000, 2016 ஆகிய ஆண்டுகளில் இம்முறையால் பதவி பெற்றார். இம்முறைக்குள் தொடக்கத்தில் ஒரு கொடுமையும் மறைந்திருந்தது. அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிட்டு மாநிலங்களின் பிரதிநிதித்துவம் வரையறுக்கப்பட்டது. வாக்களிக்க உரிமையற்ற அடிமையின் தலைக்கணக்கு, அவனை உடைமையாக வைத்திருந்தோரின் மாநிலத்துக்கே வலிமை சேர்த்தது. எண்ணப்படுதல் வேறு, உரிமை பெறுதல் வேறு என்பதை நம் இளைஞர்க்கு விளக்கிக் கூறவும் வேண்டுமோ?

மூன்று உறுப்புகளும் ஒன்றோடொன்று இயங்கும் விதத்தைக் காட்ட, ஒரு பள்ளிக்கூடத்தின் வாயிலே போதும். 1954இல் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளை நிறத்தால் பிரித்து வைத்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், மத்திய உயர்நிலைப் பள்ளியில் சேர ஒன்பது கறுப்பின மாணவர் வந்தனர். மாநில ஆளுநர் ஓர்வல் ஃபாபசு, மாநிலக் காவற்படையை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். நீதிமன்றம் ஆணையிட்டும் வெறிகொண்ட கூட்டம் விடவில்லை. குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பை வெளிப்படையாக ஆதரித்துப் பேசியவர் அல்லர். எனினும், நீதிமன்ற ஆணையை நிறைவேற்றுதல் அப்பதவியின் கடமை. செப்டம்பர் 24ஆம் நாள் அவர் இராணுவத்தை அனுப்பினார். ஆளுநரின் காவற்படையையும் தம் ஆணையின்கீழ்க் கொண்டுவந்தார். மறுநாள் அவ்வொன்பது பிள்ளைகளும் படைவீரர் சூழப் பள்ளிக்குள் நுழைந்தனர். உள்ளே அவர்கள் ஓராண்டு பட்ட துன்பம் சொல்லி மாளாது. அடுத்த கல்வியாண்டு முழுவதும் அந்நகரின் உயர்நிலைப் பள்ளிகளை மாநில ஆட்சி மூடியே வைத்தது. தீர்ப்பு எழுதப்பட்ட நாளிலேயே கதவு திறந்துவிடாது என்பதை இதனால் அறிகிறோம்.

இனி, இவ்வுரையின் மையத்துக்கு வருவோம். நிறம் காரணமாக வாக்குரிமை மறுக்கப்படலாகாது என 15ஆவது திருத்தம் 1870இலேயே கூறிவிட்டது. ஆயினும் தென் மாநிலங்கள் வாக்காளர் பதிவுக்கு வரியும் எழுத்தறிவுத் தேர்வும் விதித்தன. சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டு, பொருள் கூறு என்று அலுவலர் கேட்பார். பள்ளிக்கூடமே மறுக்கப்பட்ட மக்களிடம் படிப்பைக் கேட்ட சூழ்ச்சி அது. இதனை வென்றது எது? ஓர் இரவுப் பள்ளி! தென் கரோலினாவின் சான்சு தீவில் எசா செங்கின்சு என்பார், தாம் ஓட்டிய பேருந்தில் வேலைக்குச் செல்லும் பயணிகளுக்குச் சட்டப் பகுதிகளைக் கற்பித்தார். 1957 சனவரியில் அத்தீவின் கூட்டுறவுக் கடை ஒன்றின் பின்னறையில் முதல் குடிமைப் பள்ளி தொடங்கப்பட்டது. திட்டம் வகுத்தவர்களுள் முதன்மையானவர் செப்டிமா கிளார்க் அம்மையார். உரிமைச் சங்க உறுப்பினராய் இருந்தமைக்காக ஆசிரியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். பாடம் நடத்திய பெர்னிசு ராபின்சன் அம்மையார் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லர். அழகுக் கலைத் தொழில் செய்தவர். முதியவர்கள் அங்கே பெயரெழுதக் கற்றனர். பதிவுப் படிவம் நிரப்பக் கற்றனர். ஆட்சி எவ்வாறு நடக்கிறது என்பதையும் கற்றனர். அப்பள்ளிகள் தென் மாநிலங்கள் எங்கும் பரவின.

அவ்வாறு கற்றோரும் அணிவகுத்தோரும் அடிபட்டோரும் சேர்ந்து எழுப்பிய குரலின் பயனாக, 1965 ஆகசுட்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் லிண்டன் சான்சன் கையெழுத்திட்டார். 1866இல் உரிமை மசோதாவை மறுத்தவரும் ஒரு சான்சன். 99 ஆண்டுகள் கழித்துக் கையெழுத்திட்டவரும் ஒரு சான்சன். பதவி அதேதான், அப்பதவியின் கதவைத் தட்டிய மக்களின் ஆற்றலே வளர்ந்திருந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் அச்சட்டத்துக்கு முன் கறுப்பின மக்களில் நூற்றுக்கு 7 பேர் அளவிலேயே வாக்காளராகப் பதிவாகியிருந்தனர். 1967இல் நூற்றுக்கு 60 பேர் அளவில் பதிவாயினர். 2008இல் கறுப்பினத்தவரான பராக் ஒபாமா அந்நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும் 2013இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியமான பிரிவு ஒன்றைச் செல்லாததாக்கியது. பெற்ற உரிமையைக் காக்கவும் கல்வி வேண்டும்.

எனவே, நம் கழகத்தின் மாலை வகுப்புகளில் இப்பாடத்தை மனப்பாடமாக நடத்தலாகாது. மாணவரை மூன்று குழுவாக்குங்கள். ஒரு குழு சட்டம் இயற்றட்டும். ஒருவன் மறுத்து அனுப்பட்டும். மற்றொரு குழு தீர்ப்புச் சொல்லட்டும். பெண் குழந்தை ஒருத்தியைக் குடியரசுத் தலைவராக அமர்த்துங்கள். பின்னர், இவ்வேலை நம் நாட்டில் யாருடையது, நம் மாநிலத்தில் யாருடையது, நம் ஊராட்சியில் யாருடையது எனக் கேளுங்கள். உதவித்தொகை வரவில்லையெனில் மனு யாருக்கு எழுத வேண்டும், கிராம சபையில் எவ்வாறு எழுந்து கேட்க வேண்டும் என்பதில் அப்பாடம் முடியட்டும்.

இளைஞர்களே! நல்ல தலைவர் ஒருவர் வந்து நமக்கு எல்லாம் செய்வார் எனக் காத்திருத்தல் குடிமக்களுக்கு அழகன்று. எந்த நாற்காலிக்கு எவ்வளவு அதிகாரம், எந்தச் சட்டம் அதனைக் கட்டுகிறது என்பதை அறிந்து கேட்போரின் சொல்லுக்கே நாற்காலிகள் செவி சாய்க்கின்றன. கடையின் பின்னறையில் தொடங்கிய பள்ளி அத்துணை பெரிய மாற்றத்துக்கு வித்திட்டதெனில், இருபத்தைந்து ஆண்டு வளர்ந்த நம் கழகத்தால் இயலாதது யாது? அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், நம் குடியிருப்புகளில் அரசியல் சட்டம் அறியாத இளைஞர் ஒருவரும் இல்லை என்னும் நிலையை உருவாக்குவோம்.

வளர்க கழகம்! ஓங்குக கல்வி!