பாதியில் நின்ற கப்பல்

இலக்கிய நிகழ்ச்சியிலே போர்க்கப்பலுக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். ஒரு கவிஞரிடமிருந்தே தொடங்குகிறேன்.

தியோடர் கேர்ணர் ஜேர்மன் கவிஞர். வியன்னா அரங்குக்கு நாடகங்கள் எழுதியவர். 1813இல் நெப்போலியனுக்கு எதிராக லுட்சோ என்ற தளபதி திரட்டிய தொண்டர் படையில் சேர்ந்து, அவ்வாண்டு ஓகஸ்டிலேயே, 21 வயதில், களத்தில் மடிந்தார். அப்படையைப் பற்றிய அவரது கவிதைக்கு ஷூபேர்ட் இசையமைத்தார். அந்தப் போரிலே பிரஷ்யருக்குத் துணைநின்றவர்கள் ரஷ்யர்கள். இதனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தளபதியின் பெயரோடு ஒரு குறூஸர் 1939 யூலை 1ஆம் திகதி பிறேமன் நகரில் நீரில் இறக்கப்பட்டது. வெறும் உடல்தான், உள்வேலை முடியவில்லை. அடுத்த மாதமே ஹிட்லரும் ஸ்டாலினும் கைகோத்தார்கள். 1940 பெப்ரவரி ஒப்பந்தப்படி ரஷ்யத் தானியமும் எண்ணெயும் ஜேர்மனிக்குப் போயின. கப்பலை லெனின்கிராட்டுக்குக் கட்டியிழுத்து வந்தார்கள். பெயரை மட்டும் கொடுக்கவில்லை. 'டொயிச்லாந்து' என்ற போர்க்கப்பல் மூழ்கினால் நாடே மூழ்கியதாகப் பேச்சு வரும் என்று ஹிட்லருக்குப் பயம். ஆகவே அதற்கு 'லுட்சோ' என்று பெயர் மாற்றினார்கள். ரஷ்யர்கள் தங்கள் கப்பலைப் 'பெத்ரோபவ்லோவ்ஸ்க்' என்று அழைத்தார்கள்.

கட்டி முடிக்க ஜேர்மன் நிபுணர்கள் வந்தார்கள். பாகங்களோ பிந்திப் பிந்தி வந்தன. 1941 யூன் 22இல் ஜேர்மன் படை ரஷ்யாவுக்குள் புகுந்தது. செப்டெம்பரில் லெனின்கிராட்டின் வாசலுக்கே வந்துவிட்டது. கப்பலில் இருக்கவேண்டிய 8 பெரிய பீரங்கிகளில் 4தான் இருந்தன. அவையும் ஜேர்மனியில் குறுப் ஆலை செய்தவை. நகரமுடியாத அந்தக் கப்பல், நின்ற இடத்திலிருந்தே, தன்னைக் கட்டியவர்கள்மீது சுட்டது! ஒரு சிறுகதையில் இப்படி எழுதினால், செயற்கையான முடிச்சு என்று நமது விமர்சகர்கள் ஆசிரியரை விடமாட்டார்கள்.

செப்டெம்பர் 17இல் ஜேர்மன் பீரங்கிகள் அதனைக் குறிவைத்தன. 50க்கு மேற்பட்ட குண்டுகள் பட்டுத் துறைமுகத் தரையிலே அது அமிழ்ந்தது. அடுத்த பனிக்காலம் நகரத்துக்குப் பெரும் பட்டினிக்காலம், இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அப்படிப்பட்ட முற்றுகைக்குள்ளேயே, 1942 செப்டெம்பரில், கப்பலை மீண்டும் மிதக்கவிட்டார்கள். 1944 ஜனவரியில் முற்றுகையை உடைத்தெறிந்த தாக்குதலிலும் அதன் பீரங்கிகள் பேசின.

போர் முடிந்தபின்னும் அதைக் கட்டி முடிக்கவில்லை. 1944இல் 'தாலின்', 1953இல் 'த்னேப்பர்' என்று பெயர்கள் மாறின. 1956இல் பெயரும் போய் ஓர் இலக்கம் மிஞ்சியது. ஒருநாளாவது சொந்த இயந்திரத்தால் கடலோடாத அந்தக் கப்பலைச் சில காலம் மாலுமிகளின் தங்குமிடமாக வைத்திருந்து, பின்னர் உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள்.