சேற்றில் நின்றவர் பிள்ளைக்கு விவசாயக் கல்லூரி எதற்கு?

(கம்மாபுரத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



"பையன் பன்னிரண்டாவது தேறிவிட்டான். விவசாயக் கல்லூரியில் சேர் என்கிறார்கள். சேற்றில் இறங்குவதற்கு நாலு வருஷப் படிப்பு எதற்கு?" நம் தெருக்களில் இந்தக் கேள்வி எழாத வருஷமில்லை. கேட்பவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். தலைமுறை தலைமுறையாக வெயிலில் நின்றவர்களுக்கு, பிள்ளையாவது நிழலில் உட்காரட்டும் என்று தோன்றுவது நியாயமே. ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். சேற்றில் கால் வைக்காத குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் அந்தப் படிப்புக்கு முண்டியடித்துக்கொண்டு போகிறார்கள்?

நம் கொல்லையில் விளைகிற மல்லாட்டையையே எடுத்துக்கொள்வோம். பூப்பது வெளியே, காய்ப்பது மண்ணுக்குள்ளே. விதைத்த நாற்பதாம் நாள் வாக்கில் களை எடுத்து மண் அணைக்க வேண்டும் என்பது நம் பெண்களுக்குத் தெரியும். ஏன் அணைக்கிறோம்? பூ உதிர்ந்ததும் ஊசிபோல் ஒரு விழுது கீழே இறங்குகிறது. அது மண்ணுக்குள் புகாவிட்டால் காய் இல்லை. இன்னொரு சங்கதியும் உண்டு. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் கொண்டுவந்து ஊட்டுவதில்லை. காயே தன் தோலால் மண்ணிலிருந்து நேராக உறிஞ்சுகிறது. அதனால்தான் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். சத்துப் போதாவிட்டால் காய் பொக்காகப் போகும். இதை அதிகாரி வரப்பில் நின்று நிலக்காரரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். குனிந்து மண் அணைக்கிறவளிடம் யார் சொன்னார்கள்?

கோவை விவசாயப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் விருத்தாசலத்திலேயே இருக்கிறது. வி.ஆர்.ஐ. என்ற பெயரில் மல்லாட்டை, முந்திரி ரகங்கள் அங்கிருந்து வந்தன. மல்லாட்டையில் புது ரகம் உண்டாக்குவது எப்படி? மாலையில் மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுக்க வேண்டும். மறுநாள் விடியலில் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். அரிசி பொறுக்கிப் பழகிய விரல்கள் செய்யக்கூடிய வேலை! விரல் நம்மிடம் இருக்கிறது. எந்த ரகத்தோடு எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் மேஜைதான் நம்மிடம் இல்லை.

ஆலைத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1912-இல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. பார்பர், வெங்கட்ராமன் என்ற விஞ்ஞானிகள், ஒன்றுக்கும் உதவாதென்று வெட்டி எறிகிற பேய்க்கரும்போடு நல்ல கரும்பைக் கலந்தார்கள். 1918-இல் கோ. 205 வயலுக்குப் போயிற்று. இன்று சேத்தியாத்தோப்பு ஆலையில் அரைபடும் கரும்பின் வம்சத்திலும் அந்தக் காட்டுப் புல்லின் உறவு உண்டு.

விஞ்ஞானம் வளர்ந்தால் நம் கூலியும் தானே வளருமா? வளராது. 1965-இல் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. தஞ்சையில் விளைச்சல் கூடியது. விளைந்ததில் அரைப்படி கூடக் கேட்டுச் செங்கொடி பிடித்த மக்களில் 44 பேரை 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலிக்குச் சங்கம்தான் வழி. அதற்காகக் கல்லூரியை மிராசுதார் மகனுக்கு விட்டுக்கொடுப்பதா? நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வடிவமைக்கிற அறையில் நடவுக்காரியின் மகள் ஒருத்தி உட்கார்ந்திருந்தால், "எந்திரம் வந்தபின் அம்மாவுக்கு எத்தனை நாள் வேலை?" என்று கேட்பாளா இல்லையா?

இனி வழியைச் சொல்லுகிறோம். 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி 1906-இல் கோவைக்குப் போய், 1971-இல் பல்கலைக்கழகமாயிற்று. நமக்குக் கிட்டத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் விவசாயப் படிப்பு உண்டு. 2013-இல் அதைச் சர்க்கார் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சர்க்கார் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2021-இல் சட்டம் வந்தது. விவசாயப் படிப்பும் அதில் அடக்கம். அப்படிச் சேர்கிறவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் சர்க்காரே ஏற்கும் என்று அந்த வருஷமே அறிவித்தார்கள்.

இங்கேதான் நம் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். வட்டிக்குக் கடன் வாங்கி, ஏழாவதிலோ எட்டாவதிலோ பிள்ளையை இங்கிலீஷ் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். இரண்டு வருஷத்தில் கடன் கழுத்தை நெரிக்க, பழைய பள்ளிக்கே திரும்பக் கொண்டுவருகிறார்கள். கடனும் நிற்கிறது, 7.5-இல் உரிமையும் போகிறது! பதினொன்றாவதில் எந்தப் பிரிவு என்று கேட்காமலே சேர்த்துவிடுவது இன்னொரு தவறு. விஞ்ஞானப் பிரிவு எடுத்திருக்க வேண்டும். இல்லையேல் தொழிற்கல்வியில் விவசாயப் பாடம். மருத்துவத்துக்குப் போல நீட் தேர்வு இதற்கு இல்லை, பன்னிரண்டாவது மதிப்பெண்தான் கணக்கு. "இடம் வாங்கித் தருகிறேன்" என்று பையோடு வருகிற தரகனுக்குத் திண்ணையில் இடம் கொடுக்காதீர்கள்.

பீங்கான் சூளைத் தோழர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு விருத்தாசலத்திலேயே பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் சர்க்கார் ஸ்தாபனம் இருப்பதை விசாரிக்க வேண்டும். களிமண் எந்தச் சூட்டில் இறுகும் என்பது அப்பன் கண்ணுக்குத் தெரியும், ஏன் இறுகுகிறது என்பதைப் பிள்ளை படிக்கட்டும்.

வருகிற ஞாயிறு முதல் கிளைத் தோழர்கள் வீடு வீடாக வருவார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது எழுதிய பிள்ளைகளின் பெயர், படித்த பள்ளிகள், கையிலுள்ள சான்றிதழ்கள் எல்லாம் குறித்துக்கொள்வார்கள். சாதிச் சான்றிதழோ வருமானச் சான்றிதழோ இழுத்தடிக்கப்பட்டால் யாரும் தனியாக அலைய வேண்டாம். கிளையில் சொல்லுங்கள், தாலுகா ஆபீசுக்கு எல்லோருமாகப் போவோம்.